இடக்கையால் வைத்த கையெழுத்து

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றைய திருப்பலியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணனின் மனைவி, என் மச்சாள், என்னிடம் கேட்டார். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் எழுத்து வேலை செய்தவள் நான்தான் என்பது அவர் சொன்ன காரணம். பிறப்பு, உத்தியோகம், குணம், நன்றி என்று வழக்கமாக வருவதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. தன் கைக்கான அங்கவீன ஓய்வூதிய மனுவில் அண்ணன் பொய் எழுதினார் என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் அதைச் செத்த வீட்டிலேயே கதைத்தீர்கள், என் காதிலும் விழுந்தது. அந்த மனுவின் உண்மை அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அவர் இப்போது இல்லை.

அண்ணன் பிறந்தது ஆலங்குடாவுக்குப் பக்கத்தில், கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் நடுவே மணல் மட்டுமே இருக்கிற எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கரைவலை ஒன்றில் பங்கு இருந்தது. அம்மா கருவாடும் மீனும் புத்தளத்துக்குக் கொண்டுபோய் விற்றார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கும் அவருக்கும் இரண்டு வயது வித்தியாசம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பதினாறு வயதில் அப்பாவோடு வலை இழுக்கப் போனார். அந்த வருடமே ஒருநாள் வலைக் கயிறு இழுத்து வலது மணிக்கட்டு வீங்கியது. அம்மா இலை வைத்துக் கட்டினார், ஒரு கிழமையில் வீக்கம் வடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் அதே கையால் அதே கயிற்றை இழுத்தார். இந்த வீக்கத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் கொழும்பில் மூன்று டொக்டர்மார் இதைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.

அவருடைய குணத்தைப் பற்றிச் சொல்வதானால், அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை ஒரு புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய தொந்தரவாகவே இருந்தது. ஒருமுறை அம்மா அவரைச் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வாங்க வந்த பெண் இது நேற்றைய மீனா என்று கேட்க, அம்மா வாயைத் திறக்க முன் அண்ணன் "ஓம்" என்று சொல்லிவிட்டார். அன்று கூடை நிறைய மீனோடு திரும்பி வந்தார்கள். பிறகு அம்மா அவரைச் சந்தைக்குக் கூட்டிப் போகவே இல்லை.

இருபத்தோராவது வயதில் அரசாங்கப் படையில் சேர்ந்தார். யுத்தத்தால் கடலுக்குப் போகப் பாஸ் கேட்ட காலம் அது. வீட்டில் வருமானம் இல்லை. கடலும் தெரிந்து சிங்களமும் தெரிந்த பிள்ளைகள் வேண்டுமென்று ஆட்கள் வந்து கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொந்தக்காரரில் சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள், அவர்களில் சிலர் பிறகு திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அதைப் பற்றி இந்த மலரில் வழக்காட நான் வரவில்லை. அவர் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். பெரும்பகுதி படகில் சாமான் ஏற்றி இறக்கும் பிரிவில். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், அவர் லீவில் வரும்போதெல்லாம் தேடி வரும். பொலிசில், கச்சேரிக் கந்தோரில் சிங்களத்தில் கதைக்க ஆள் வேண்டும். அவரும் காலையில் போனால் பின்னேரம்தான் வருவார், லீவையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார் என்று மச்சாள் குறைப்படுவார்.

கை போனது சண்டையில் இல்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில், வடக்கில் ஒரு இறங்குதுறையில் டீசல் பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பீப்பாய் கையை மீறி உருண்டது. அண்ணனின் வலது மணிக்கட்டு பீப்பாய்க்கும் துறையின் சீமெந்து விளிம்புக்கும் இடையில் அகப்பட்டது. முகாமில் மருந்து கட்டுபவராக இருந்த பியதாச என்பவர் காட்போட் மட்டை வைத்துக் கட்டினார். சுளுக்கு என்று சொன்னார்கள். மூன்று கிழமையில் அண்ணன் மீண்டும் பீப்பாய் உருட்டினார். பெருவிரல் பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு உடைந்து பொருந்தாமலேயே இருந்ததும், அதைச் சுற்றியிருந்த எலும்புகள் வருடக்கணக்கில் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டதும் படையை விட்டு வந்த பிறகு எடுத்த படத்தில்தான் தெரிந்தது.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தார், கை வரவில்லை. மணிக்கட்டு மடியாது. மூன்று விரல்களில் உணர்வு இல்லை. போத்தல் மூடி திறக்க முடியாது, துணி பிழிய முடியாது, கயிறு பிடிக்கவே முடியாது. ஆகவே கடலுக்குப் போக முடியாது. சாப்பிடும்போது சோறு விரல் இடுக்கால் விழும். வீட்டில் கரண்டியால் சாப்பிட்டார். கலியாண வீடுகளுக்கு வந்தார், ஆனால் பந்தியில் உட்காரவில்லை. அண்ணனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் கை நனைக்கிறாரில்லை என்று இரண்டு வீட்டில் மனஸ்தாபப்பட்டார்கள். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கடமையில் பட்ட காயம் என்று ஒத்துக்கொண்டால்தான் அங்கவீன ஓய்வூதியம் கிடைக்கும், அவருக்குப் பிறகு மச்சாளுக்கும் ஏதாவது தொடரும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்காக வைத்திய சபைக்கு முன்னால் போக வேண்டும். போவதற்கு முதல் நாள் அண்ணன் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதுதான் பிழையாகிப் போனது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த மனநிலையிலேயே போய் டொக்டர்மாருக்கு முன்னால் உட்கார்ந்தார். இதற்கு முன் இந்தக் கையில் எப்போதாவது நோவு இருந்ததா என்று ஒரு டொக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு வருகிற கேள்வி அது. அண்ணன் பதினாறு வயதில் வலை இழுத்து வீங்கியதைச் சொன்னார். அம்மா கட்டிய இலையைச் சொன்னார். பன்னிரண்டு வயதில் முந்திரிகை மரத்திலிருந்து விழுந்ததையும் சொன்னார், அது இடது கை. சாமியாரிடம் சொல்ல மறந்ததையெல்லாம் டொக்டரிடம் சொல்லி முடித்தார். இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. சேவைக்கு முன் செய்த மீன்பிடித் தொழிலால் ஏற்பட்ட நிலை, கடமையோடு தொடர்பில்லை என்று இருந்தது.

நான் மேன்முறையீடு எழுதினேன். அதற்கு அவரை இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று பஸ்ஸில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். இந்தமுறை கேள்வி குறைவு. டொக்டர் தன் இரண்டு விரலை நீட்டி, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நோவை முகத்தில் காட்டாமல் கயிறு பிடித்துப் பழகிய மனிதர் அண்ணன். பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாமல், இருந்த பலம் முழுவதையும் கொடுத்துப் பிடித்தார். பிடி ஓரளவு திருப்தி என்று எழுதிவிட்டார்கள். வெளியில் வந்து அரை மணித்தியாலம் கையை மடியில் வைத்தபடி இருந்தார். வேர்த்துக் கொட்டியது. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவரோடு நான் கதைக்கவில்லை.

அந்த மேன்முறையீடும் தள்ளுபடியானது. மிஞ்சியிருந்தது மேல் சபைக்குக் கடைசி மேன்முறையீடு ஒன்றுதான். இதுவும் போனால் பிறகு வழியில்லை. பியதாசவை அண்ணன் எப்படியோ தேடிப் பிடித்தார். அவர் அநுராதபுரத்துக்கு அப்பால் தன் ஊரில் வயல் செய்துகொண்டிருந்தார். பீப்பாய் உருண்டதையும் தான் கட்டுப் போட்டதையும் சத்தியக் கடதாசியில் எழுதித் தந்தார். மனுவை நான் எழுதினேன். என் சிங்களக் கடிதங்களுக்குக் கந்தோரில் ஒரு மதிப்பு இருந்தது, சிங்கள உத்தியோகத்தர்களே என்னிடம் திருத்தக் கொடுப்பார்கள். அந்தக் கர்வமும் எனக்கு இருந்தது. மூன்று பக்கத்தில் நல்ல மனு எழுதினேன். இரண்டாவது பக்கத்தில், மனுதாரர் சேவையில் சேர முன் ஒருபோதும் மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டதில்லை, முதல் சபையில் பதற்றத்தில் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு வசனம் சேர்த்தேன்.

அண்ணனைக் கேட்டு அதை எழுதவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்று தெரிந்தே எழுதினேன்.

வலது கையால் பேனை பிடிக்க முடியாமல் போன பிறகு, அண்ணன் இடக்கையால் கையெழுத்து வைக்கப் பழகியிருந்தார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு நிமிடம் எடுக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் எழுத்தின் சுழி சரியாக வருகிறதா என்பதிலேயே முழுக் கவனமும் இருக்கும். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் அவருக்கு முன்னால் வைத்தேன். முந்திய மனுவைப் போலத்தான், பியதாசவின் கடிதத்தைச் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிங்களம் வாசிப்பார். வாசிக்கவில்லை. தங்கச்சி எழுதியது என்று நினைத்தார். கையெழுத்து வைத்துவிட்டு, சுழி இந்தமுறை நல்லாய் வந்திருக்கிறது என்று என்னிடம் காட்டினார்.

விசாரணை நாளில், காகிதம் புரட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கி நானும் உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சபைத் தலைவர் வயதான டொக்டர், மரியாதையாகக் கதைத்தார். மனுவை எடுத்து இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். ஒருபோதும் மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டதில்லை என்ற இடம் வந்ததும் அண்ணன் தலையை நிமிர்த்தினார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்கும். எழும்பி நின்று சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்:

"சேர், அது சரியில்லை. நான் கடல்காரன். என்ட அப்பாவும் கடல்காரன். அஞ்சு வருசம் வலை இழுத்தவன்."

அப்படியானால் இதை எழுதியது நீங்கள்தானா, பொய் என்று தெரிந்தா எழுதினீர்கள் என்று தலைவர் கேட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பொய் மனு தயாரித்தார் என்று வந்தால் என் வேலை என்னாகும் என்று கணக்குப் பார்த்தேன்.

"கையெழுத்து என்னுடையது, சேர்," என்றார் அண்ணன்.

அவர் அந்த நேரத்திலும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் எழுதினேன் என்று சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது என்று மட்டும் சொன்னார். அவர்கள் அதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. தலைவர் முதல் சபையின் குறிப்பைப் புரட்டிவிட்டு, அந்த வீக்கத்துக்குப் பிறகு எத்தனை வருடம் வலை இழுத்தீர்கள் என்று கேட்டார். ஐந்து வருடம் என்றார் அண்ணன். படையில் சேரும்போது கையைச் சோதித்தார்களா என்று கேட்டார். கயிற்றில் ஏற விட்டார்கள், இரண்டு கையாலும் பாரம் தூக்க விட்டார்கள் என்றார். தலைவர் கோப்பின் அடியிலிருந்து மங்கிப்போன ஒரு தாளைத் தேடி எடுத்தார். சேர்ந்த நாளின் வைத்தியச் சோதனைத் தாள். இரண்டு கையிலும் குறையில்லை என்று அதில் இருந்தது. வலை இழுத்ததுதான் அந்தக் கை நல்ல கை என்பதற்குச் சாட்சியாயிற்று. நான் மறைத்ததை வைத்தே அவர் வென்றார் என்று சொல்லலாம். அந்தத் தாள் முதல் நாளிலிருந்து கோப்பிலேயே இருந்திருக்கிறது. நானும் அதைக் கேட்டு வாங்க நினைக்கவில்லை. முப்பது வருட எழுத்து வேலைக்காரி.

திரும்பி வரும் பஸ் சிலாபத்தைத் தாண்டியது. நான்தான் தொடங்கினேன். நாளைக்கே சபைக்கு எழுதி, வசனம் என்னுடையது என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

"வேணாம். எனக்குக் கை போயிட்டுது. உனக்கு வேலை போக வேணாம். ஒரு வீட்டுக்கு ஒண்டு போனது காணும்," என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"ஏன் அப்பிடி எழுதின? அப்பா கடலுக்குப் போனது உனக்கு வெக்கமா?"

வெட்கத்தால் எழுதவில்லை, உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெட்கமில்லை என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கந்தோரில் என் அப்பாவின் தொழில் என்னவென்று கேட்டவர்களுக்கு வியாபாரம் என்று சொல்லி வந்தவள் நான். அன்று பாலாவி வரை அழுதுகொண்டு வந்தேன். அண்ணன் தன் பையிலிருந்த பாணைப் பிய்த்துத் தந்தார், அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

முடிவு எட்டு மாதத்தில் வந்தது. காயம் கடமையின்போது ஏற்பட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். அங்கவீன ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் அதே கடிதத்தின் மூன்றாம் பந்தியில், மனுதாரர் எழுத்தில் பொய்யான கூற்றொன்றைச் சமர்ப்பித்துப் பின்னர் விசாரணையில் அதை ஒத்துக்கொண்டார் என்றும், இது அவரது நம்பகத்தன்மைக்குக் குறை என்றும் பதிவு செய்திருந்தார்கள். பிரதி ஒன்று ஊர்க் கந்தோருக்கும் வந்தது. அதிலிருந்துதான் கதை பரவியது. நேற்றைய மீனை நேற்றையது என்று சொன்ன மனிதர் பொய் மனுக் கொடுத்தவராகிவிட்டார். இத்தாலியில் இருக்கும் மருமகன், அண்ணனின் ஒரே பிள்ளை, யாரோ சொல்லக் கேட்டுத் தொலைபேசியில் தகப்பனிடம் கேட்டிருக்கிறார். கையெழுத்து நான்தான் வைத்தேன் மகன் என்று மட்டும் அண்ணன் சொன்னாராம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மருமகன் தகப்பனோடு அளந்துதான் கதைத்தார் என்பது மச்சாளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணனிடம் போய், இனியாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்பேன். நீ ஓய்வு எடுத்த பிறகு பார்ப்போம் என்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கடைசிக் காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சு நோய் வந்தது. புத்தளம் வைத்தியசாலையில் நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் காலையில், ஐம்பத்தெட்டாவது வயதில், மச்சாள் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போனார். பெட்டியில் வைத்துக் கையைக் குவித்துச் செபமாலை சுற்றப் பார்த்தார்கள். வலது மணிக்கட்டு மடியவில்லை. இடது கையை மேலே வைத்துச் சுற்றினோம்.

மூன்று மாதத்தில் நான் விருப்ப ஓய்வு எடுத்தேன். எடுத்த கிழமையிலேயே சபைக்குக் கடிதம் எழுதினேன். அந்த வசனத்தை எழுதியவள் நான், கையெழுத்திட்டவருக்கு அது தெரியாது, பதிவைத் திருத்துங்கள் என்று கேட்டேன். எனக்கு என்ன நடவடிக்கை எடுப்பதானாலும் எடுங்கள் என்றும் எழுதினேன். பதில் இரண்டு வரியில் வந்தது. மனுதாரர் காலமாகிவிட்டதால் கோப்பு மூடப்பட்டது, அதில் திருத்தம் செய்ய இடமில்லை. அவர்கள் சொல்வது முறைதான். நானும் இப்படிப் பல கடிதங்களுக்கு இப்படியே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே திருத்தத்தை எழுத இந்த மலரை விட்டால் எனக்கு இடமில்லை. மச்சாளுக்கும் இதை அச்சுக்குக் கொடுக்க முதல் நாள்தான் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு எழுத்தும் குறைக்காமல் போடச் சொன்னார். மருமகனுக்கு நான் தனியாக எழுதவில்லை. ஊரார் முன் கேட்ட பழியை ஊரார் முன்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மகன், உன் அப்பா உன்னிடம் சொன்னது முழு உண்மை. கேட்காததை மட்டும்தான் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியது என்னிடம்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பார்க்காமல் கவனித்த வைத்தியசாலைத் தாதியருக்கும், இன்றைய திருப்பலியை ஒப்புக்கொடுக்கும் பங்குத் தந்தைக்கும், செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் தந்து காசு வாங்க மறுத்த கடைக்கார நானாவுக்கும், மூன்று நாளும் எங்கள் குசினியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துச் சமைத்த வடக்குக் குடும்பங்களுக்கும் நன்றி. செய்தி கேட்டு இரண்டு பஸ் மாறி வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று அந்தக் கையைத் தொட்டு, அன்றைக்கு நான் இன்னும் நன்றாகக் கட்டியிருக்க வேண்டும் என்று சிங்களத்தில் அழுத பியதாசவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மலரை வாங்கிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி யாராவது துறையடியிலோ கடையிலோ அந்த மனுவின் கதையை எடுத்தால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். எழுதியது தங்கச்சி என்று சொல்லுங்கள். மீன்காரன் மகள்தான் எழுதினாள் என்று, என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தங்கை,
பிலோமினா